எத்தனை இன்னிங்ஸ் பொறுக்கலாம்?

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் ரன் குவிக்கிறவர்கள் வெளியே காத்திருக்க, ஃபார்ம் போன பெரிய பெயர்களுக்கு மட்டும் தொடர்ந்து வாய்ப்பு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் எத்தனை இன்னிங்ஸ் சொதப்பினால் நீக்கலாம், அதற்கு ஒரு கணக்கு கிடையாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் கோலி, மறுபக்கம் கர்நாடக பேட்ஸ்மேன் கருண் நாயர், கடைசியில் நம் தமிழ்நாட்டு பத்ரிநாத் பற்றி ஒரு வரி. இதை இரண்டு மூன்று முறை படித்தேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு ஆட்டக்காரர் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது என்பது ஒன்று. தெரியாத அந்த இடைவெளியில் யாருக்கு எவ்வளவு பொறுமை காட்டுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். சண்டை முழுக்க இரண்டாவதில்தான் நடக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். அதில் சில வருடங்கள் மாவட்ட அளவில் பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களைத் தேர்வு செய்யும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். தேசியத் தேர்வுக் குழு கூடும் அறைக்குள் நான் போனதில்லை. அங்கே பேசப்படுவதாக வெளியில் வரும் கதைகளை நம்பி எதுவும் சொல்லப் போவதில்லை. ஆட்டத்தில் நடந்தது, ஸ்கோர் புத்தகத்தில் இருப்பது, நான் தேர்வாளனாக இருந்தபோது பார்த்தது, இவ்வளவுதான் என் கையில் உள்ளது.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். ஐந்தாறு இன்னிங்ஸ் ரன்களை வைத்து ஃபார்ம் போய்விட்டது என்று சொல்வதற்கு அநேகமாக ஆதாரமே கிடையாது. சச்சின் டெஸ்டில் 329 இன்னிங்ஸ் ஆடினார். 51 சதம், 68 அரைசதம். அதாவது 119 தடவை 50-ஐத் தாண்டினார், மீதி 210 தடவை தாண்டவில்லை. உலகமே கொண்டாடிய ஒரு பேட்ஸ்மேன் மூன்றில் இரண்டு பங்கு இன்னிங்ஸில் ‘தோற்றிருக்கிறார்’. இந்த விகிதத்தில், எந்த ஐந்து இன்னிங்ஸை எடுத்துக்கொண்டாலும் ஐந்திலும் 50 தொடாமல் போக பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருபத்துநான்கு வருடம் ஆடியவருக்கு அது பல தடவை நடந்தே தீரும். அப்போதெல்லாம் டீக்கடையில் ‘முடிஞ்சுபோச்சு, போகச் சொல்லு’ என்றுதான் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன்.

இன்னொரு வகையிலும் இதைப் பார்க்கலாம். பேட்டிங் ஸ்கோர்கள் சராசரியைச் சுற்றி நெருக்கமாக நிற்பதில்லை. பூஜ்யமும் வரும், 150-ம் வரும். அவை சிதறும் அளவு கிட்டத்தட்ட சராசரி அளவுக்கே பெரியது. அப்படிப் பார்த்தால், உண்மையிலேயே 45 சராசரித் திறமை உள்ள ஒருவர் பத்து இன்னிங்ஸ் ஆடும்போது அந்தப் பத்தின் சராசரி 31-லும் நிற்கலாம், 59-லும் நிற்கலாம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 31 வந்தால் அணியிலிருந்து தூக்கு என்கிறோம், 59 வந்தால் உச்ச ஃபார்ம் என்கிறோம். இரண்டும் ஒரே மனிதர், ஒரே திறமை. பத்து இன்னிங்ஸ் என்பது ஒரு பெரிய டெஸ்ட் தொடர் முழுவதும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் ஃபார்ம் என்று ஒன்றே இல்லையா? இருக்கிறது. ஆனால் எத்தனை ரன் என்ற கட்டத்தில் அது தெரியாது, பக்கத்தில் எப்படி அவுட் என்று எழுதும் கட்டத்தில்தான் தெரியும். கோலியையே எடுத்துக்கொள்வோம். 2014 இங்கிலாந்துத் தொடரில் பத்து இன்னிங்ஸ், மொத்தம் 134 ரன், சராசரி 13.40. தொகை மோசம்தான். ஆனால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் துரத்தி எட்ஜ் கொடுத்து, ஒரே மாதிரி திரும்பத் திரும்பப் போனதுதான் அதில் கவலைக்குரிய விஷயம். அந்த ஒரு பழுதைச் சரி செய்த பிறகு அதே வருடக் கடைசியில் ஆஸ்திரேலியா போய் நான்கு டெஸ்டில் 692 ரன் எடுத்தார். நான்கு வருடம் கழித்து இங்கிலாந்திலேயே 593. பழுது என்னவென்று தெரிந்திருந்தது, சரி செய்ய வயதும் இருந்தது. அவர்மேல் வைத்த பொறுமைக்குக் காரணம் இருந்தது.

இப்போது 2024-25 ஆஸ்திரேலியத் தொடரைப் பாருங்கள். ஒன்பது இன்னிங்ஸில் 190 ரன், அதில் பெர்த்தில் அடித்த ஆட்டமிழக்காத 100-ம் அடக்கம். மீதி எட்டு இன்னிங்ஸிலும் அவர் அவுட் ஆனது கீப்பரிடமோ ஸ்லிப் பக்கமோ கேட்ச் கொடுத்து. எட்டுக்கு எட்டு. ஸ்கோர் எழுதுகிறவன் கை இதைப் பார்த்தால் நின்றுவிடும். எட்டு விதமாக எட்டுத் தடவை அவுட் ஆகியிருந்தால் காலம் சரியில்லை என்று விட்டுவிடலாம். ஒரே விதமாக எட்டுத் தடவை என்றால் பந்து வீசுகிறவர்களுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது, இவருக்கு அதை அடைக்க வழி தெரியவில்லை. 26 வயதில் அடைக்க முடிந்த அந்த ஓட்டை 36 வயதில் அடைபடவில்லை. 2025 மே மாதம் டெஸ்டிலிருந்து அவரே விடைபெற்றார். நடுவில் 2019 நவம்பரில் கொல்கத்தாவில் அடித்த சதத்துக்கும் 2022 செப்டம்பரில் துபாயில் அடித்த சதத்துக்கும் இடையே மூன்று வருடம் போல ஒரு வறட்சி இருந்ததே, அதைத்தான் ரசிகர்கள் அதிகம் பேசினார்கள். அந்தக் காலத்தில் அவர் பல வழிகளில் அவுட் ஆனார், நடுநடுவே நன்றாகவும் ஆடினார், சதம் மட்டும் வரவில்லை. என்னைக் கேட்டால், சதமே வராத அந்த மூன்று வருடத்தைவிட, சதம் வந்த அந்த ஆஸ்திரேலியத் தொடர்தான் அதிகக் கவலை தர வேண்டியது. இது என் அபிப்பிராயம்தான், இதில் மாறுபடுகிறவர்களுக்கும் நியாயம் இருக்கும்.

எப்படி அவுட் என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொந்தமாகத் தவறு செய்துதான் கற்றேன். ஒரு வருடம் சின்ன ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். ட்ரயல்ஸில், பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் அவன் ஆடிய கட் ஷாட்டைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனோம். அணியில் எடுத்தோம். அடுத்து நடந்த இரண்டு ஆட்டங்களும் பாய் இல்லாத டர்ஃப் விக்கெட்டில். 3 ரன், 8 ரன். இரண்டும் பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ. மூன்றாவது ஆட்டத்துக்கு அவனை உட்கார வைத்தோம், அந்த முடிவில் என் கையெழுத்தும் உண்டு. பல மாதம் கழித்துப் பழைய ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் உறைத்தது. மேட்டிங்கில் பந்து எழும்பும், அதனால் பின்காலில் நின்று ஆடிப் பழகியிருக்கிறான். டர்ஃபில் அதே பந்து தாழ்ந்து வந்து முழங்காலுக்குக் கீழே பட்டிருக்கிறது. ஃபார்மும் போகவில்லை, திறமையும் குறையவில்லை. பத்து நாள் டர்ஃப் நெட்ஸ் கொடுத்திருந்தால் போதும். அவன் அடுத்த வருடம் ட்ரயல்ஸுக்கே வரவில்லை. இன்றைக்கும் ரன் பட்டியலை மட்டும் வைத்து யாராவது வாதாடினால் எனக்கு அந்த இரண்டு எல்பிடபிள்யூதான் கண்ணில் நிற்கிறது.

இனி கருண் நாயர். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் அந்த டெஸ்ட் நடந்தபோது வர்தா புயல் ஊரைப் புரட்டிப்போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிட்ச்சைக் காய வைக்க நெருப்புத் துண்டங்களைத் தட்டில் வைத்து மேலே காட்டினார்கள். அந்த மைதானத்தில் தன் மூன்றாவது டெஸ்ட் இன்னிங்ஸில் ஒருவர் 303 நாட் அவுட். இந்தியா 7 விக்கெட்டுக்கு 759. சேவாகுக்குப் பிறகு முச்சதம் அடித்த இரண்டாவது இந்தியர். அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் ஹைதராபாத்தில், வங்கதேசத்துக்கு எதிராக. அதில் கருண் இல்லை, காயம் ஆறிய ரஹானே திரும்பினார். ரஹானேயின் இரண்டு வருட உழைப்பை ஒரே ஒரு ஆட்டம் மறைத்துவிடக் கூடாது என்ற பொருளில் கேப்டன் கோலி அப்போது பேசினார். பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு பெரிய இன்னிங்ஸ் ஒருவரின் முழுத் திறமையையும் காட்டிவிடாது என்பது, நான் மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம்தான்.

ஆனால் அதே நியாயத்தைக் கருணுக்குத் திருப்பிக் காட்டினார்களா என்று பாருங்கள். அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று டெஸ்ட், நான்கு இன்னிங்ஸ்: 26, 0, 23, 5. அதோடு வெளியே. ஒரு ஆட்டம் எதையும் நிரூபிக்காது என்றால் நான்கு இன்னிங்ஸ் மட்டும் எப்படி நிரூபிக்கும்? வெளியே போனபோது அவர் டெஸ்ட் சராசரி 62.33. 2018-ல் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்த் தொடர் முழுக்க உட்கார வைத்தார்கள். கடைசி டெஸ்டில் இடம் காலியானபோது நடுவில் அணியில் சேர்ந்த விஹாரி ஆடினார். விஹாரி 56 அடித்து அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார், அவர்மேல் குறையில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து பெட்டியோடு கூடவே சுற்றியவரைத் தாண்டி இன்னொருவரை ஆட வைத்ததற்குக் கிரிக்கெட் சார்ந்த காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து பொதுவெளியில் சொல்லப்படவில்லை. இந்தக் கதையில் உங்கள் கோபம் முழுக்க நியாயம் என்று நான் நினைக்கும் இடம் இது ஒன்றுதான்.

அப்புறம் அவர் திரும்பி வந்தது ஊருக்கே தெரியும். கர்நாடகத்தில் இடம் போய், விதர்பாவுக்கு மாறி, 2024-25 விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பையில் 779 ரன், ஐந்து சதம், சராசரி 389.50. அதே சீசனில் ரஞ்சியில் 863 ரன், கேரளாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 86-ம் 135-ம். 2025 இங்கிலாந்துத் தொடரில் எட்டு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட். அங்கே அவர் ஸ்கோர்கள் 0, 20, 31, 26, 40, 14, 57, 17. மொத்தம் 205, சராசரி 25.62. இதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். தோல்வி என்பார் ஒருவர். எட்டில் ஏழு தடவை கண் செட்டாகும் அளவுக்கு நின்றிருக்கிறார், ஃபார்ம் இல்லாதவன் இப்படி நிற்க மாட்டான் என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன், ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நின்றவர் பெரிதாக்கவில்லை. முப்பதுகளில் இருக்கும் ஒருவரிடம் தேர்வாளர்கள் எதிர்பார்த்தது அதைத்தான். அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் தொடருக்கு அவரை விட்டுவிட்டு தேவ்தத் படிக்கல் என்ற பேட்ஸ்மேனை எடுத்தபோது, கருணிடம் இன்னும் எதிர்பார்த்தோம் என்று தேர்வுக் குழுத் தலைவராக இருந்த அகர்கர் வெளிப்படையாகவே சொன்னார். 2017-ல் நீக்கியது அநியாயம். 2025-ல் நீக்கியது எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் வாதம் குழம்புகிறது.

ரஞ்சி ரன்னுக்கு மதிப்பே இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதிப்பு உண்டு, ஆனால் ரூபாய்க்கு ரூபாய் அப்படியே மாறாது. சர்ஃபராஸ் கான் 2021-22 ரஞ்சியில் 982 ரன், சராசரி 122.75. அதற்கு முந்தைய ரஞ்சி சீசனில் 928. ஆனாலும் டெஸ்ட் தொப்பி கிடைக்க 2024 பிப்ரவரி ராஜ்கோட் வரை காத்திருந்தார். வந்ததும் 62, ஆட்டமிழக்காத 68. அதே வருடம் பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிராக 150. பிறகு ஆஸ்திரேலியா போய் ஒரு டெஸ்டும் ஆடவில்லை, 2025 இங்கிலாந்துத் தொடருக்கான அணியிலும் இடமில்லை. எகிறி வரும் வேகப்பந்தை வெளிநாட்டில் தாங்குவாரா என்ற சந்தேகம்தான் காரணமாக இருக்க வேண்டும். இது என் ஊகம். ரஞ்சியில் 140 கிலோமீட்டருக்கு மேல் நாள் முழுக்க வீசும் மூவரை ஒரே அணியில் பார்ப்பது அபூர்வம், அதனால் அந்தச் சந்தேகத்துக்கு ரஞ்சி ஸ்கோர் பதில் சொல்லாது. ஆனால் சந்தேகம் இருந்தால் ஆட வைத்துத்தானே தீர்க்க முடியும்? ஆட வைக்காமலே தீர்ப்பு எழுதுவது எந்த விதத்தில் சரி?

பத்ரிநாத்தைப் பற்றிப் பேசாமல் எந்தச் சென்னைக்காரனும் இந்தப் பதிலை முடிக்க மாட்டான். முதல்தர ஆட்டத்தில் 10,245 ரன், சராசரி 54.49. டெஸ்ட் இரண்டே இரண்டு, 2010 பிப்ரவரியில். நாக்பூரில் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெயின் 51 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் இவர் 56 அடித்தார். சேவாக் சதத்தை விட்டால் அந்தக் கார்டில் பார்க்க வேறு ஒன்றும் கிடையாது. அடுத்து 6, கொல்கத்தாவில் 1. முடிந்தது. இதை நம் ஊர்க்காரரை ஒதுக்கினார்கள் என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் நடுவரிசையில் டிராவிட், சச்சின், லட்சுமண் இருந்தார்கள். இடம் காலியாவதே யாருக்காவது காயம் பட்டால்தான். மும்பையின் அமோல் முசும்தார் முதல்தரத்தில் 11,167 ரன் எடுத்தும் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட், ஒரு டெஸ்டும் இல்லை, ஏனென்றால் அவர் காலத்தில் அதே இடக்கைச் சுழலுக்கு பேடி இருந்தார். எந்த வருடத்தில் பிறக்கிறோம் என்பதும் தேர்வில் ஒரு பங்கு வகிக்கிறது, அதற்கு எந்தத் தேர்வாளரையும் குற்றம் சொல்ல முடியாது.

பெரிய பெயர்களைக் காப்பாற்றுவது விளம்பரக் கம்பெனிகள் என்று உங்கள் கேள்விக்குக் கீழே சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் தேர்வாளர்களுக்கு மேலே ஒரு கை இருந்த காலம் உண்டு என்பது பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டில் அடுத்தடுத்த டெஸ்ட் தோல்விகளுக்குப் பிறகு தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து மாற்றத் தேர்வுக் குழு விரும்பியது, வாரியத் தலைவர் தடுத்தார் என்று தேர்வாளராக இருந்த மொஹிந்தர் அமர்நாத் 2012-ல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது தலைவராக இருந்த சீனிவாசனும் பிற்பாடு அதை மறுக்காமல் ஒப்புக்கொண்டார். அதற்கு நேர்மாறாக 2025 ஜனவரியில் சிட்னியில், ஐந்து இன்னிங்ஸில் 31 ரன் மட்டும் எடுத்திருந்த ரோகித் கேப்டனாக இருந்தும் தானே ஒதுங்கி நின்றார். என்னைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

அஸ்வின் விஷயத்தை மட்டும் இதோடு கலக்க வேண்டாம். 2021-ல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்டிலும், 2023-ல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்திலும் அவர் வெளியே உட்கார்ந்தார். அது ஃபார்ம் பற்றிய முடிவே அல்ல. ஒரே ஒரு ஸ்பின்னர்தான் என்று முடிவு செய்துவிட்டு, பேட்டிங்குக்காக ஜடேஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அதை ஏற்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.

சரி, எத்தனை இன்னிங்ஸ் என்று நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். புதிதாக வருபவருக்கு ஒரு முழுத் தொடர், பேட்டிங் வரிசையில் அவருக்குப் பழக்கமான ஒரே இடத்தில், குறைந்தது எட்டு முதல் பத்து இன்னிங்ஸ். அதற்கு முன்னால் ரன்னைப் பார்த்து நீக்கக் கூடாது. சாய் சுதர்சன் 2025-ல் ஹெடிங்லியில் 0, 30 எடுத்த உடனே அடுத்த டெஸ்டில் உட்கார வைக்கப்பட்டார். மான்செஸ்டரில் திரும்பி வந்து 61 அடித்தார். அதே தொடரில் கருண் ஆறாம் இடத்தில் தொடங்கி, மூன்றுக்குப் போய், ஒரு டெஸ்ட் வெளியே இருந்து, ஓவலில் ஐந்தாவதாக இறங்கினார். இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நகர்த்தி, இருவரைப் பற்றியும் எதுவும் தெரியாமல் தொடரை முடித்தார்கள். நூறு டெஸ்ட் ஆடியவருக்கோ இவ்வளவு நீண்ட சோதனை தேவையே இல்லை, அவர் என்ன செய்வார் என்பது ஏற்கெனவே தெரியும். அவரிடம் பார்க்க வேண்டியது ஒரே மாதிரி அவுட் ஆகிறாரா, வயது என்ன, இந்த இரண்டுதான். நம்மிடம் நடப்பது இதற்குத் தலைகீழ். அதிகம் தெரிந்தவரிடம் அதிகப் பொறுமை, ஒன்றும் தெரியாதவரிடம் இரண்டு ஆட்டம்.

கருண் மறுபடி வருவாரா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தியா விட்டுவிட்ட பிறகு அவர் கர்நாடகத்துக்கே திரும்பினார், ரஞ்சியில் கேரளாவுக்கு எதிராக 233 அடித்தார். 2025 டிசம்பரோடு வயது 34 ஆகிவிட்டது. தேர்வாளர்கள் இனி இருபதுகளில் இருப்பவர்களைத்தான் பார்ப்பார்கள், அதனால் வர மாட்டார் என்றே நினைக்கிறேன். 2017-ல், 25 வயதில், அவருக்கு இன்னும் ஆறு இன்னிங்ஸ் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.